கடலோரத்துக் காருக்கு எந்த பேட்டரி? ராமநாதபுரம் பக்கத்து வாடகை வண்டிக்காரர்களுக்கான ஒப்பீடு

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் சொந்தமாக ஒரு வாடகைக் கார் வைத்துப் பிழைப்பவருக்கு பேட்டரி மாற்றும் செலவு, உள்நாட்டு ஊர்க்காரர்களுக்கு வருவதைவிட அடிக்கடி வருகிறது. கடைக்குப் போனதும் "எக்ஸைடா, அமரானா?" என்ற கேள்வியில்தான் பேச்சு தொடங்கும், பெரும்பாலும் அதிலேயே முடிந்தும்விடும். என் கணிப்பில் அந்தக் கேள்வி மூன்றாவதாக வரவேண்டியது. இந்தக் கடற்கரைக்கும் நம் ஓட்டத்துக்கும் எந்த வகை பொருந்தும் என்பது முதல் கேள்வி. கையில் தரப்படும் பேட்டரி எப்போது தயாரானது, பழுதானால் எந்த ஊரில் யார் பொறுப்பேற்பார்கள் என்பது இரண்டாவது. இவை தெளிந்தபிறகு நிறுவனத்தின் பெயருக்கு மிஞ்சும் முக்கியத்துவம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அடுத்த வண்டியை மின்சார வண்டியாக எடுக்கலாமா என்ற பெரிய கேள்வியும் இப்போது வீட்டுக்கு வீடு பேசப்படுவதால், இரண்டு முடிவுகளையும் சேர்த்தே இங்கே எடைபோடுகிறேன்.

முதலில் நம் ஊர் பேட்டரியை என்ன செய்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். காரில் இருக்கும் 12 வோல்ட் ஈய பேட்டரி, 1859-இல் பிரெஞ்சு அறிவியலாளர் கஸ்தோன் பிளாந்தே செய்துகாட்டிய அதே அடிப்படையில்தான் இன்றும் இயங்குகிறது: ஈயத் தகடு, ஈய டை ஆக்சைடுத் தகடு, நடுவில் கந்தக அமிலம். ஒரு செல் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறு செல் சேர்ந்தால் 12.6. வெப்பம் கூடினால் உள்ளே நடக்கும் எல்லா வேதிவினைகளும் வேகமெடுக்கும். தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டம் அரிக்கப்படுவதும் அவற்றில் ஒன்று. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி உயர்வுக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சித்திரை வெயிலில் கோயில் வாசலில் நிற்கும் காரின் பானட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெயில் மட்டும் என்றால் திருச்சிக்கும் மதுரைக்கும் அதே கதைதான். நமக்குக் கூடுதலாக உப்பு இருக்கிறது. பாம்பன் பக்கத்துக் காற்று இரும்பைத் தின்னும் வேகம் உலக அளவில் பேசப்படுவது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அரிமானத்தை, அதாவது உலோகம் அரிக்கப்படுவதை, ஆராய மண்டபத்தில் தனியாக ஒரு கிளையையே வைத்திருக்கிறது என்றால் காரணம் இந்தக் காற்றுதான். பேட்டரியின் உள்ளே உப்பு போவதில்லை, மேலே படிகிறது. ஈரத்தோடு சேர்ந்த உப்புப் படலம் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே மெல்லிய மின்பாதையாகி, வண்டி நிற்கும் நேரத்திலும் சார்ஜைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். டெர்மினலில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூக்கும் பொடி, கிளாம்புக்கும் ஈய முனைக்கும் இடையில் புகுந்துகொண்டு மின்சாரத்தை மறிக்கும். அப்போது செல்ஃப் "டக்" என்ற ஒரே சத்தத்தோடு நின்றுவிடும். பேட்டரி போய்விட்டது என்று நினைத்து நல்ல பேட்டரியையே மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்து பார்க்கலாம். நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவைக் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் அந்தப் பொடி நுரைத்துக்கொண்டு இறங்கும். கம்பி பிரஷால் ஈய முனை பளபளக்கும்வரை தேய்த்து, நன்றாகத் துடைத்து, பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்கியபின் மேலே வாசலின் தடவவேண்டும். கச்சான் காற்றில் தனுஷ்கோடிப் பக்கம் மணலும் உப்பும் சேர்ந்து பறக்கும் மாதங்களில் இதை மாதம் ஒருமுறை செய்வது நல்லது.

மூன்றாவது காரணம் நம் ஓட்டம். ராமேஸ்வரத்து வாடகைக் காரின் நாள் என்பது சிறுசிறு துண்டுகளாக வெட்டப்பட்ட நாள். ரயிலடியிலிருந்து விடுதி, விடுதியிலிருந்து கோயில், அங்கிருந்து ராமர் பாதம், பிறகு அரிச்சல்முனை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எஞ்சினை அணைத்து, பயணிகள் வரும்வரை பாட்டு, மின்விசிறி, செல்போன் சார்ஜர் எல்லாம் பேட்டரியில் ஓடும். ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் இழந்ததை, எஞ்சினோடு சுழன்று பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் திருப்பிக் கொடுக்கக் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடவேண்டும். அந்த நேரம் கிடைப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடுகிறது. இப்படி முக்கால் சார்ஜிலேயே காலம் கழிக்கும் பேட்டரியில் தகட்டின்மேல் ஈய சல்பேட் இறுகிப்போய், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரைவதில்லை. மதுரை விமான நிலையத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே நாளெல்லாம் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் பேட்டரியைக் கொல்வது சூடுதான். ஆக, ஒரே ஊரில் ஒரே மாடல் கார் வைத்திருக்கும் இருவருக்கு ஒரே பேட்டரி சரியான பதிலாக இருக்கவேண்டும் என்பதில்லை.

வகைகளை ஒப்பிடுவோம். அமிலம் திரவமாகவே நிற்கும் சாதாரண வகைதான் இன்றும் பெரும்பாலான கார்களில் வருகிறது. இதில் தண்ணீர் விடும் மூடி உள்ளதும் உண்டு, மூடி இல்லாமல் அடைத்து வருவதும் உண்டு. முன்பெல்லாம் ஈயத்தோடு ஆன்டிமனி கலந்த சட்டங்கள் இருந்ததால் மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் விடவேண்டியிருந்தது. கால்சியம் கலந்த சட்டம் வந்தபின் தண்ணீர் வற்றுவது வெகுவாகக் குறைந்தது. "பராமரிப்பே தேவையில்லை" என்ற விளம்பரத்தின் பின்னால் இருப்பது இந்த உலோகக் கலவைதான். ஆனால் வற்றுவது குறைந்ததே தவிர நின்றுவிடவில்லை. நம் வெயிலுக்கு, மூடியைத் திறந்து மட்டம் பார்க்க வழியுள்ள பேட்டரி எனக்கு உகந்ததாகப் படுகிறது. அதற்கு நேரம் ஒதுக்கமாட்டேன் என்பவர் அடைத்து வருவதையே வாங்கலாம்.

அடுத்தது இ.எஃப்.பி. எனப்படும் மேம்பட்ட திரவ வகை. சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து தானாக எழும் கார்களுக்காக உருவானது. தகட்டின்மேல் ஒரு மெல்லிய துணிப்படலம் இருப்பதால் பூச்சு உதிர்வது குறைவு. பாதி சார்ஜில் இருந்தாலும் தாங்கும், சார்ஜை வேகமாகவும் ஏற்கும். இதை வாசித்ததும் கோயில் சுற்றும் வண்டியின் நாள் நினைவுக்கு வரவேண்டும்: ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை செல்ஃப் அடித்து, பாதி சார்ஜில் காத்துக்கிடப்பதும் ஏறத்தாழ அதே உழைப்புதான். அளவும் டெர்மினல் திசையும் பொருந்துமானால், ராமேஸ்வரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து இ.எஃப்.பி. வாங்குவது வீண் செலவாகாது. மதுரை ஓட்ட வண்டிக்கு அந்தக் கூடுதல் பணம் தேவையில்லை.

ஏ.ஜி.எம். என்ற மூன்றாவது வகையில் அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் உறிஞ்சப்பட்டு நிற்கும். மூன்றிலும் திறமையானதும் விலை கூடியதும் இதுவே. ஆனால் இதில் இழந்த தண்ணீரைத் திரும்ப விட வழியில்லை. சூடான பானட்டுக்குள் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் காய்ந்துபோகும். காரோடு ஏ.ஜி.எம். வந்திருந்தால் அதையே மாற்றவேண்டும். வராத காரில் ஆசைக்காகப் போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எடை குறைவு என்று சொல்லி விற்கப்படும் 12 வோல்ட் லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கும் இதே பதில்: எஞ்சின் அருகிலுள்ள சூடும், ஈய பேட்டரிக்கென்று அமைக்கப்பட்ட ஆல்டர்னேட்டரும் அதற்கு ஏற்ற இடமல்ல.

இனி நிறுவனங்கள். எக்ஸைட் இண்டஸ்ட்ரீஸ் 1947-இல் அசோசியேட்டட் பேட்டரி மேக்கர்ஸ் என்ற பெயரில், பிரிட்டனின் குளோரைடு குழுமத்தின் கிளையாகக் கொல்கத்தாவில் பதிவான நிறுவனம். 1972-இல் குளோரைடு இந்தியா ஆனது, 1995-இல் இன்றைய பெயரைப் பெற்றது. தமிழ்நாட்டில் ஓசூரில் அதற்குத் தொழிற்சாலை உண்டு. எஸ்.எஃப். சோனிக் என்று தனிப் பெயரில் விற்பதும் இதே நிறுவனத்தின் பேட்டரிதான். இரண்டையும் எதிரெதிர்ப் போட்டியாளர்கள் என்று நினைத்து விலை பேசுபவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. பல பத்தாண்டுகள் ஏறத்தாழத் தனிக்காட்டு ராஜாவாக இருந்த அந்தச் சந்தையில் உண்மையான போட்டியைக் கொண்டுவந்தது ஆந்திரத்து அமர ராஜா. அமெரிக்காவில் பொறியாளராக இருந்து ஊர் திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-இல் திருப்பதி அருகே தொடங்கிய நிறுவனம் அது. முதலில் தொழிற்சாலைகளுக்கான பேட்டரிகளைச் செய்தது. 1997-இல் அமெரிக்காவின் ஜான்சன் கண்ட்ரோல்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, 2000-இல் அமரான் என்ற பச்சை நிற பேட்டரியைக் கார்களுக்கு இறக்கியது. அந்தக் கூட்டு 2019-இல் முடிவுக்கு வந்தது. 2023-இல் நிறுவனத்தின் பெயரும் அமர ராஜா எனர்ஜி அண்டு மொபிலிட்டி என்று மாறியது. மூன்றாவதாக, டாடா ஆட்டோகாம்பும் ஜப்பானின் ஜி.எஸ். யுவாசாவும் சேர்ந்து புனே அருகே ரஞ்சன்காவில் தயாரிக்கும் டாடா கிரீன். இவை தவிர இன்வெர்ட்டர் சந்தையிலிருந்து கார் பக்கம் வந்த நிறுவனங்களும் பல உள்ளன.

இவற்றில் எது மேல்? ஒரே விலை வரிசையில், ஒரே ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) அளவில் வைத்துப் பார்த்தால், முதல் இரண்டுக்கும் தொழில்நுட்பத்தில் பெரிய இடைவெளி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டுமே புதிய கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே பேட்டரி கொடுப்பவை; கார் நிறுவனங்களின் சோதனைகளைத் தாண்டி வந்தவை. வேறுபாடு ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் வரிசைகளில்தான் அதிகம். குறைந்த வாரன்ட்டியுள்ள மலிவு வரிசைக்கும் நீண்ட வாரன்ட்டியுள்ள மேல் வரிசைக்கும் உள்ள தூரம், எக்ஸைடுக்கும் அமரானுக்கும் உள்ள தூரத்தைவிடக் கூடுதல். ஆகவே "எந்தக் கம்பெனி" என்று கேட்பதைவிட "இந்தக் கம்பெனியின் எந்த வரிசை" என்று கேட்பது பயனுள்ளது. டாடா கிரீன் விலையில் சில சமயம் அனுகூலமாக இருக்கும். ஆனால் தொண்டியிலோ சாயல்குடியிலோ வண்டி நின்றுபோனால் அதை வாங்கி மாற்றித்தரும் கடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு முடிவெடுக்கவேண்டும்.

எந்த நிறுவனமானாலும் புதிய பேட்டரி என்பது தயாரான தேதியைப் பொறுத்தது. அமிலம் நிறைத்து சார்ஜ் ஏற்றி வரும் பேட்டரி, கடை அலமாரியில் சும்மா இருந்தாலும் தன் சார்ஜைத் தானே இழக்கும். நம் ஊர் வெயிலில் அந்த இழப்பு இன்னும் வேகம். ஆறு மாதம் அப்படியே கிடந்த பேட்டரி விற்பனைக்கு வருமுன்பே சல்பேட் படிந்து ஆயுளில் ஒரு பகுதியை இழந்திருக்கும். கடையில் கேட்டால், "அண்ணே, போன வாரம்தாண்ணே இறங்குச்சு, புத்தம் புதுசு" என்று சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் கூறவில்லை. கடைக்கு வந்தது போன வாரமாகவே இருக்கலாம். "கடைக்கு வந்த தேதி வேண்டாம் தம்பி, கம்பெனியில செஞ்ச தேதியைக் காட்டு" என்று கேட்டு, பெட்டியில் பொறித்திருக்கும் குறியீட்டைப் படித்துக்காட்டச் சொல்லவேண்டும். மூன்று மாதத்துக்குள் என்றால் நல்லது. அதோடு ஒரு மீட்டரை வைத்து வோல்ட் பார்க்கவேண்டும்: 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி, 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி, அதைக் கையில் வாங்கவே கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, பேட்டரி வேகமாக விற்றுத் தீரும் ராமநாதபுரம் பெரிய கடையில் வாங்குவதை, எப்போதாவது ஒன்று விற்கும் சிறு கடையில் வாங்குவதைவிட மேலாகக் கருதுகிறேன், நூறு இருநூறு ரூபாய் கூடுதலானாலும்.

புதிய பேட்டரியை மாட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு மீண்டும் வோல்ட் பார்க்கச் சொல்லவேண்டும். ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை கொடுத்தால் நலம். அதற்குக் கீழே என்றால் பழைய பேட்டரி செத்ததற்குக் காரணம் பேட்டரி அல்ல. மேலே என்றால் புதிய பேட்டரியும் தண்ணீர் வற்றிச் சாகும்.

வாரன்ட்டியில் கவனிக்கவேண்டியது மாதக் கணக்கின் மொத்தத்தை அல்ல, அதன் பிரிவினையை. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகை: முதல் பகுதியில் பழுதானால் இலவசமாக மாற்றித் தருவார்கள், மீதிக் காலத்தில் பழுதானால் புதிய பேட்டரியின் அச்சிட்ட விலையில் ஒரு தள்ளுபடி மட்டும் தருவார்கள். அந்தத் தள்ளுபடி அச்சிட்ட விலைமேல் கணக்கிடப்படும். கடையிலோ எவரும் அச்சிட்ட விலைக்கு விற்பதில்லை. பழைய பேட்டரியைக் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் வாங்கும் சந்தை விலையோடு ஒப்பிட்டால் அந்த இரண்டாம் பகுதி வாரன்ட்டியின் உண்மைப் பயன் சுருங்கிவிடும். இலவச மாற்று எத்தனை மாதம் என்பதை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். மஞ்சள் பலகை வண்டிக்கு வேறு காலக்கெடு போட்டிருக்கிறதா என்பதையும் அட்டையில் படித்துப் பார்க்கவேண்டும். வாடகை ஓட்டத்தை மறைத்து அட்டை எழுதுவது பிறகு நமக்கே வினையாக முடியும்.

பழைய பேட்டரியைப் பிரித்துத் தகடு மாற்றி விற்கும் "ரீகண்டிஷன்" பேட்டரி, விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கிறது. வாடகை வண்டிக்கு அது கட்டுப்படியாகாது; அரிச்சல்முனையில் குடும்பத்தோடு வந்த பயணிகளை ஏற்றிக்கொண்டு வண்டி எழாமல் நின்றால் அந்த ஒரு நாளின் நட்டமே மிச்சப்பட்டதைத் தின்றுவிடும். ஒருவகையில் அது சட்டத்துக்கும் புறம்பான தொழிலுக்குத் துணைபோவதாகவும் ஆகலாம். 2001-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக வந்த 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. ஈயம் நஞ்சு, அதே சமயம் எத்தனை முறை உருக்கினாலும் குணம் கெடாத உலோகம். அதனால்தான் செத்த பேட்டரிக்கும் கடையில் காசு தருகிறார்கள். அமர ராஜா நம் மாநிலத்துச் செய்யாறில் பெரிய மறுசுழற்சி ஆலை அமைத்திருப்பதும் இதனால்தான். பழைய கார் பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோய் வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) விளக்குக்கும் ஜி.பி.எஸ்ஸுக்கும் கட்டுகிறவர்களை இந்தக் கரையில் பார்க்கலாம். மெல்லிய தகடுகள் உள்ள ஸ்டார்ட்டர் பேட்டரி முழுவதும் இறங்கி இறங்கி ஏறுவதற்குச் செய்யப்பட்டதல்ல. நடுக்கடலில் அதை நம்பவேண்டாம். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவதே முறை.

அடுத்த வண்டி மின்சார வண்டியா என்ற பெரிய முடிவுக்கு வருவோம். அந்த வண்டியை ஓட்டுவது லித்தியம் பேட்டரி. ஈய பேட்டரித் தொழில் இந்தியாவில் இரண்டு நிறுவனங்களைச் சுற்றி நிதானமாக வளர்ந்தது. லித்தியம் பேட்டரித் தொழில் அப்படி வளரவில்லை. 1991-இல் சோனி முதன்முதலாக வணிகத்துக்குக் கொண்டுவந்தபோது அது கேமராவுக்கும் கைப்பேசிக்குமான பொருள். 2010-இல் ஒரு கிலோவாட்-மணி (ஒரு யூனிட் மின்சாரம்) அளவுள்ள பேட்டரிப் பேக்கின் விலை உலகச் சராசரியில் ஆயிரம் டாலருக்கும் மேல். புளூம்பெர்க்கின் ஆற்றல் ஆய்வுப் பிரிவின் கணக்குப்படி 2024-இல் அது 115 டாலர். சிறிய மின்சாரக் கார் ஒன்றின் 24 கிலோவாட்-மணி பேட்டரிக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால், 2010-இல் 24,000 டாலரைத் தாண்டியிருக்கக்கூடிய ஒரு பாகம் இப்போது 2,800 டாலருக்குள் அடங்குகிறது. 2024-இல் வாகனங்களுக்கும் மின்சேமிப்புக்கும் சேர்த்து உலகின் ஓராண்டுத் தேவை ஒரு டெராவாட்-மணியை (நூறு கோடி கிலோவாட்-மணி) கடந்தது.

இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி சீனாவில் நடந்தது. ஃபூஜியன் மாகாணத்து நிங்டே நகரில் 2011-இல் தொடங்கிய சி.ஏ.டி.எல். இன்று உலக மின்வாகன பேட்டரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் செய்கிறது. 1995-இல் ஷென்ஜெனில் கைப்பேசி பேட்டரிக்காகத் தொடங்கி, பிறகு காரையே செய்யப் புகுந்த பி.ஒய்.டி. இரண்டாவது. அதற்குப் பின்னால் தென்கொரியாவின் எல்.ஜி., எஸ்.கே. ஆன், சாம்சங், ஜப்பானின் பானசோனிக் ஆகியவை வருகின்றன. கார் வாங்குபவர் இந்தப் பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. கார் நிறுவனம் தேர்ந்தெடுத்ததை ஏற்றுக்கொள்ளப்போகிறார். ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் வேதிப்பொருள் எது என்று கேட்டு வாங்கமுடியும், கேட்கவும் வேண்டும். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகை குறைந்த எடையில் அதிக தூரம் கொடுக்கும். இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட எல்.எஃப்.பி. வகை கொஞ்சம் கனமானது. ஆனால் வெப்பத்தில் நிலைகுலைவது குறைவு, தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு, இரண்டாயிரம் முறைக்கு மேல் ஏற்றி இறக்கினாலும் தாங்கும், தினமும் முழுச் சார்ஜ் ஏற்றுவதையும் பொறுத்துக்கொள்ளும். டாடாவின் டியாகோ, நெக்ஸான் மின்சாரக் கார்களிலும் பி.ஒய்.டி.யின் பிளேடு பேட்டரியிலும் இருப்பது இந்த எல்.எஃப்.பி.தான். நம் வெயிலுக்கும், ஒரு நாளில் காலி செய்து மறுநாள் காலைக்குள் நிறைக்கும் வாடகை ஓட்டத்துக்கும் எல்.எஃப்.பி. தவிர வேறொன்றை நான் பரிசீலிக்கமாட்டேன்.

"இன்னும் விலை குறையும், காத்திருப்போம்" என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. உள்நாட்டில் லித்தியம் பேட்டரிக்கான செல் தயாரிக்க மத்திய அரசு 2021-இல் 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகையும் 50 கிகாவாட்-மணி (ஐந்து கோடி கிலோவாட்-மணி) இலக்கும் அறிவித்தது. ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஆலை தொடங்கியது. பழைய ஈய நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை: எக்ஸைட், சீனாவின் எஸ்.வோல்ட் தொழில்நுட்பத்தோடு பெங்களூரு அருகே செல் ஆலை கட்டுகிறது. அமர ராஜா தெலங்கானாவின் மகபூப்நகர் மாவட்டத்துத் திவிட்டிப்பள்ளியில் 9,500 கோடி ரூபாய்த் திட்டத்தோடு இறங்கியிருக்கிறது. டாடாவின் அகிராடாஸ் குஜராத்தின் சானந்தில். ஆனால் ஊக்கத்தொகைத் திட்டம் நினைத்த வேகத்தில் நகரவில்லை. பேட்டரி செல்களும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் மூலப்பொருள்களும் இன்னமும் பெரும்பாலும் சீனாவிலிருந்தே வருகின்றன. 2025 ஜூலையில் எல்.எஃப்.பி. செல்லின் கத்தோடு (நேர்முனை) பொருள் செய்யும் தொழில்நுட்பத்தின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடும் விதித்துவிட்டது. ஆகவே நம் ஊர் ஆலைகளால் நாளைக்கே கார் விலை சரியும் என்று கணக்குப்போட்டு, ஓயாமல் பட்டறைக்குப் போகும் பழைய டீசல் வண்டியைக் கட்டி இழுப்பது சரியான காத்திருப்பு அல்ல. வண்டி நன்றாக ஓடுகிறது, கடனும் முடிந்துவிட்டது என்றால் மட்டும் இரண்டு ஆண்டு பொறுக்கலாம்.

யாருக்கு மின்சார வண்டி பொருந்தும் என்பதைத் தூரமே சொல்லிவிடும். கார் நிறுவனம் சொல்லும் தூரத்தில், ஏ.சி. போட்டு ஆள் நிறைய ஏற்றி ஓட்டினால் மூன்றில் இரண்டு பங்கு கிடைப்பதாக வைத்துக்கொள்ளவேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை போய்வருவது ஐம்பது கிலோமீட்டருக்குள் முடியும். தேவிபட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை என்று சுற்றித் திரும்பும் பயணமும் இருநூறுக்குள் அடங்கும். நாற்பது கிலோவாட்-மணிக்கு மேல் பேட்டரி உள்ள காருக்கு இது ஒரு இரவுச் சார்ஜ். அடிக்கடி நின்று கிளம்பும் ஓட்டம் பெட்ரோல் வண்டியைத்தான் வாட்டும். மின்சார வண்டிக்கு அதுவே அனுகூலம், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது, ஏ.சி. போட்டுக் காத்திருக்க எஞ்சின் ஓடவேண்டியதில்லை. மதுரைக்குப் போய்வர 340 கிலோமீட்டர். ஒரே நாளில் இரண்டு நடை வந்தால் வழியில் சார்ஜ் போட்டே ஆகவேண்டும், விமானத்துக்கு நேரமாகிவிட்ட பயணி அதற்குக் காத்திருக்கமாட்டார். அப்படிப்பட்ட ஓட்டம் உள்ளவர் இப்போதைக்கு டீசலிலோ சி.என்.ஜி.யிலோ இருப்பதே புத்திசாலித்தனம்.

உப்பு இங்கேயும் விடாது. காரின் அடியிலுள்ள பெரிய பேட்டரி தண்ணீர் புகாமல் அடைக்கப்பட்டது, மழைத் தண்ணீரில் போவதால் ஒன்றும் ஆகாது. கடல்நீரில் மூழ்குவது வேறு விஷயம். 2022-இல் அமெரிக்காவின் புளோரிடாவை இயன் புயல் தாக்கியபோது, கடல்நீரில் மூழ்கி வடிந்த மின்சாரக் கார்களில் சில, நாட்கள் கழித்துத் தாமாகவே தீப்பற்றின. உள்ளே தங்கிய உப்பு மின்பாதையாக மாறியதே காரணம். புயல் எச்சரிக்கை வந்தால் வண்டியை மேட்டுக்கு ஏற்றவேண்டும். கடல்நீர் ஏறிவிட்ட வண்டியைச் சார்ஜில் போடாமல், வீட்டை ஒட்டி நிறுத்தாமல், நிறுவனத்தின் ஆட்களைக் கூப்பிடவேண்டும். பயணிகள் படம் எடுக்க ஆசைப்படுகிறார்கள் என்று அலை வரும் மணலில் இறக்குவதும் வேண்டாம்.

வாரன்ட்டியில் இங்கே மாதத்தைவிடக் கிலோமீட்டர்தான் முந்திக்கொள்ளும். எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது இந்தியச் சந்தையில் பரவலாகத் தரப்படும் வாக்குறுதி. நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டி அந்தத் தூரத்தை 800 ஓட்ட நாட்களில் தாண்டிவிடும், அதாவது மூன்றாம் ஆண்டு முடியுமுன்பே. எல்.எஃப்.பி. பேட்டரி அதற்கு மேலும் ஓடும் என்று நம்ப வலுவான காரணம் உண்டு. ஆனால் கடன் தவணை ஐந்தாண்டுக்கு இருக்கும்போது நிறுவனத்தின் பொறுப்பு மூன்றாண்டில் முடிகிறது என்பதைத் தெரிந்தே கையெழுத்திடவேண்டும். சில வாக்குறுதிகள் சொந்த உபயோகத்துக்கும் முதல் உரிமையாளருக்கும் மட்டுமே செல்லும். மஞ்சள் பலகைக்கு என்ன எல்லை, எத்தனை விழுக்காடு திறன் குறைந்தால் பேட்டரி பழுதானதாக ஏற்பார்கள், பேக்கைத் திறந்து பழுதுபார்க்கும் அங்கீகாரம் பெற்ற பட்டறை ராமநாதபுரத்தில் இருக்கிறதா அல்லது வண்டியை மதுரைக்கு ஏற்றி அனுப்பவேண்டுமா, அந்த ஏற்றுக்கூலி யாருடையது: முன்பணம் கட்டுமுன் இந்த நான்குக்கும் ஷோரூமிலிருந்து எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.